சோதனையையும் சோதிப்போம்

சந்தையில் பொருள் வாங்கும் எவரும் தராசின் முள்ளை ஒருமுறை உற்று நோக்காமல் காசை நீட்டுவதில்லை. படிக்கல் குறைந்ததோ, தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதோ என்று ஐயுறுவது வாங்குவோரின் உரிமை என்பதை நாம் அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மருத்துவச் சோதனைச் சாலையிலிருந்து அச்சிட்ட தாள் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதிலுள்ள எண்ணை ஐயுறுவது தகாது என்று கருதுவோர் நம்மில் மிகப் பலர். முன்னாளில் பூசாரியின் வாக்கைத் தலைகுனிந்து ஏற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்நாளில் இயந்திரத்தின் வாக்கை அதேபோல் தலைகுனிந்து ஏற்பார்களாயின், மாறியது தெய்வமேயன்றி மனப்பான்மை அன்று. அறிவியல் நம்மிடம் கேட்பது பணிவை அன்று, ஆராய்ச்சியை. இவ்வுண்மையை விளக்குதற்கு, அரிதாகக் காணப்படும் ஒரு நோயின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். நோய் அரிதாயினும் அது கற்பிக்கும் பாடம் அனைவர்க்கும் பொதுவானது.

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் உள்ள பொந்தியான், அன்னாசிக்கும் தென்னைக்கும் செம்பனைக்கும் பேர்பெற்ற மாவட்டம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி எனப்படும் தஞ்சோங் பியாய் அங்கேதான் இருக்கிறது. அவ்வூரில் ஓர் அம்மையார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவர் நாம் விளக்கத்திற்காகப் படைத்துக்கொண்டவரே. ஆயினும் இவர் படும் துன்பம் மருத்துவ ஏடுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ள துன்பமே. தைராய்டுச் சுரப்பி மிகுதியாக வேலை செய்வதால் சில வாரங்களாக அவர் கார்பிமஸோல் என்னும் மாத்திரை உண்டு வருகிறார். நீரிழிவு அவருக்கு இல்லை. இன்சுலின் ஊசியை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அப்படியிருக்க, ஒரு நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பெற்ற பிள்ளையின் பெயரும் மறந்து, பிதற்றிக்கொண்டே கீழே விழுகிறார். சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டியதும் தெளிகிறார். மறுவாரம் உண்டு முடித்த நான்காம் மணி நேரத்தில் அதே துன்பம். காற்றுக் கருப்பு என்கிறார் அண்டை வீட்டார். வேப்பிலை அடிக்க ஆள் வருகிறது. நல்லவேளையாக வீட்டார் அவரை மருத்துவரிடம் கொண்டு செல்கின்றனர். இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருக்கிறது என்று மருத்துவர் காண்கிறார். பேய் ஓடிப்போயிற்று, ஆனால் கேள்வி போகவில்லை. சர்க்கரை ஏன் தாழ்ந்தது?

இக்கேள்வி இன்சுலின் ஊசி வருவதற்கு முன் எளிதில் எழுந்திருக்க முடியாது. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் லெனார்டு தாம்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அது முதல் நீரிழிவாளர் பிழைத்தனர். ஆயினும் அளவு மிஞ்சினால் அவர்கள் வியர்த்து, நடுங்கி, மயங்குவதையும் மருத்துவர் கண்டனர். ஊசியே போடாத சிலரும் அவ்வாறே மயங்குவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர் ஸீல் ஹாரிஸ், அவர்தம் உடலே இன்சுலினை மிகையாகச் சுரக்கக்கூடும் என்று 1924இல் எழுதினார். 1927இல் மேயோ மருத்துவ நிலையத்தார், கணையத்தில் எழுந்த ஒரு கட்டி இன்சுலினைச் சுரந்து நோயாளியை வீழ்த்தியதை வெளியிட்டனர். 1929இல் டொராண்டோவில் ராஸ்கோ கிரகாம் அத்தகைய கட்டி ஒன்றை அறுத்தெடுத்து நோயைப் போக்கினார். அது முதல், காரணமின்றிச் சர்க்கரை தாழ்ந்தால் கணையத்தில் கட்டியைத் தேடு என்பது மருத்துவ மரபாயிற்று.

வெற்றியோடு ஓர் இடரும் வந்தது. மயக்கமுற்றோரையெல்லாம் மேசைமேல் கிடத்தி வயிற்றைத் திறக்கும் ஆர்வம் சிலரைப் பற்றிக்கொள்ளும் என்பதை உணர்ந்த நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள், 1930களில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். சர்க்கரைத் தாழ்வுக்குரிய குறிகள் தோன்றவேண்டும். அவ்வேளையில் இரத்தச் சர்க்கரை உண்மையாகவே தாழ்ந்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் குறிகள் அகலவேண்டும். இம்மூன்றும் கூடினாலன்றிக் கத்தியைத் தொடாதே என்பதே அதன் உட்பொருள். கத்தியை அடக்குதற்காகவே பிறந்த அவ்விதி இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

எனினும் விப்பிள் காலத்தில் சர்க்கரையை அளக்க முடிந்ததேயன்றி, இரத்தத்தில் ஓடும் இன்சுலினை நம்பத்தக்க முறையில் அளக்க இயலவில்லை. அது அத்துணை நுண்ணிய அளவினது. அதனை அளக்கும் வழி பிறந்த கதை நம் பொருளுக்கு உயிர்நிலை போன்றது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பழைய படைவீரர்க்கான மருத்துவமனை ஒன்றில், சாலமன் பெர்ஸன் என்ற மருத்துவரும் ரோஸலின் யாலோ என்ற இயற்பியல் அம்மையாரும் 1950களில் ஆராய்ந்து வந்தனர். நீரிழிவாளர் உடலில் இன்சுலின் விரைவில் அழிந்துவிடுகிறது என்பது அந்நாளில் நிலவிய ஒரு கருத்து. அதனைச் சோதிக்கக் கதிரியக்க அயோடினைச் சேர்த்த இன்சுலினை அவர்கள் செலுத்திப் பார்த்தனர். கண்டது நேர்மாறு. முன்பே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் உடலில் அது விரைவில் மறையவில்லை, நெடுநேரம் தங்கியது. ஏன்? அவர்தம் இரத்தத்தில் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது.

எதிர்ப்பொருள் என்பது யாது? அம்மையும் காய்ச்சலும் உடலில் புகும்போது, புகுந்த கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் தானே ஆக்கும் புரதமே எதிர்ப்பொருள். இன்சுலின் போன்ற சிறு பொருளுக்கு எதிர்ப்பொருள் எழவே எழாது என்பது அந்நாளைய அறிஞர் துணிபு. ஆகவே அவர்களுடைய கட்டுரையை ஓர் ஏடு மறுத்தது. மற்றோர் ஏடும் முதலில் மறுத்து, தலைப்பிலிருந்து எதிர்ப்பொருள் என்ற சொல்லை நீக்கிய பின்னரே 1956இல் வெளியிட்டது. யாலோ அம்மையார் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபெல் பரிசு பெற்ற சொற்பொழிவில் உலகுக்குக் காட்டினார். பெர்ஸன் 1972இலேயே மறைந்துவிட்டதால் அப்பரிசில் அவர் பங்கு பெற இயலவில்லை. அறிவுலகிலும் வைதிகம் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர்கள் அங்கே நிற்கவில்லை. எதிர்ப்பொருள் இன்சுலினைத் தேடிப் பிடிக்குமாயின், அதனையே அளவுகோலாக்கிக்கொள்ளலாமே என்று எண்ணினர். எதிர்ப்பொருளின் பிடிக்குள் இடம்பெற, கதிரியக்க இன்சுலினும் நோயாளியின் இன்சுலினும் ஒன்றோடொன்று போட்டியிடும். நோயாளியின் இன்சுலின் மிகுந்தால் கதிரியக்க இன்சுலின் வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்டதை எண்ணினால் நோயாளியின் அளவு தெரியும். 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் வெளியான இம்முறை மருத்துவ உலகையே மாற்றியது. அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றுப் பொருள் சேர்க்க அவ்விருவரும் விரும்பவில்லை. இன்று கதிரியக்கத்திற்குப் பதில் ஒளியை உமிழும் பொருள்களை இயந்திரங்கள் கையாள்கின்றன. ஆயினும் எதிர்ப்பொருளைக் கொண்டு பிடிப்பது என்னும் அடிப்படை மாறவில்லை. 1967இல் சிகாகோவின் டொனால்டு ஸ்டைனர், இன்சுலின் முதலில் ஒரே சங்கிலியாகப் பிறந்து, நடுத்துண்டு வெட்டப்பட்டு உருவாகிறது எனக் கண்டறிந்தார். அந்த நடுத்துண்டே ஸி-பெப்டைடு. கணையம் இன்சுலினைச் சுரக்குந்தோறும் ஸி-பெப்டைடும் சமமாக வெளிப்படும். ஊசி மருந்தில் அஃது இல்லை. ஆகவே இன்சுலின் உயர்ந்து ஸி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் ஊசி. இரண்டும் உயர்ந்திருந்தால் கட்டி, அல்லது கணையத்தைத் தூண்டும் மாத்திரை. வழக்கு முடிந்தது என்று எல்லோரும் எண்ணினர்.

வழக்கு முடியவில்லை. 1970இல் ஜப்பானில் யுகிமாஸா ஹிராத்தா என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் ஒரு விந்தையை அறிவித்தனர். இன்சுலின் ஊசியே போட்டறியாத ஒருவர்க்குச் சர்க்கரை தாழ்ந்தது. அவர் இரத்தத்தில் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் நிறைந்திருந்தது. அயலானை எதிர்க்க வேண்டிய படை தன் வீட்டுப் பொருளையே கைப்பற்றியது. இதற்குத் தன்னெதிர்ப்பு என்று பெயர். அது முதல் 1992 வரை ஜப்பானில் 197 நோயாளிகள் கணக்கிடப்பட்டனர். தைராய்டு நோய்க்குத் தரும் மெதிமஸோல் மருந்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டென்று ஹிராத்தா 1983இல் எழுதினார். நம் பொந்தியான் அம்மையார் உண்ட கார்பிமஸோல் உடலில் சென்றதும் மெதிமஸோலாகவே மாறுவது. நரம்பு வலிக்கென விற்கப்படும் ஆல்ஃபா லிபோயிக் அமிலமும் இந்நோயைத் தூண்டக்கூடியது. கந்தகம் பொதிந்த இம்மருந்துகளோடு பிறவியிலேயே அமைந்த ஒருவகை மரபுக் கூறும் சேரும்போது நோய் எளிதில் எழுகிறது. அக்கூறு ஜப்பானியரிடமும் கொரியரிடமும் மிகுதி. ஆயினும் நோய் அவர்களோடு நிற்பதன்று. இந்தியாவிலிருந்தும் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் வெளிவந்துள்ளன.

எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடித்துக்கொண்டால் சர்க்கரை ஏற வேண்டுமேயன்றி ஏன் தாழ்கிறது என்று வாசகர் வினவலாம். நெல்லைப் பதுக்கும் வணிகனை நினைத்துக்கொள்க. அறுவடை நாளில் எல்லாவற்றையும் வாங்கி அடைத்துவிடுகிறான், ஊரில் தட்டுப்பாடு. பிறகு, வேண்டாத காலத்தில் கிடங்கைத் திறந்துவிடுகிறான், தெருவெல்லாம் நெல். அதுபோலவே, உணவுண்டதும் சுரந்த இன்சுலினை எதிர்ப்பொருள் அடைத்து வைக்கிறது; சர்க்கரை ஏறுகிறது; கணையம் மேலும் சுரக்கிறது. சில மணி நேரம் சென்று, உண்டது செரித்துவிட்ட வேளையில், அடைபட்ட இன்சுலின் அவிழ்ந்து வெளிப்படுகிறது. அப்போது வீழ்வது நோயாளி.

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். இன்சுலினை அளக்கும் கருவியே எதிர்ப்பொருள். நோயாளியின் இரத்தத்திலும் அதே இனத்து எதிர்ப்பொருள் நிறைந்திருக்கிறது. திருடனும் காவலனும் ஒரே உடை உடுத்து ஒரே குழாய்க்குள் நிற்கின்றனர். நோயாளியின் எதிர்ப்பொருள் இன்சுலினை மூடிமறைத்தால், சோதனையின் எதிர்ப்பொருள் அதனைக் காணாது. அளவு பொய்யாகத் தாழும். பழைய கதிரியக்க முறையிலோ, நோயாளியின் எதிர்ப்பொருள் கதிரியக்க இன்சுலினையும் கவர்ந்துகொள்ளும். பிரித்தெடுக்கும் முறைக்கேற்பப் பொய் உயர்வும் வரும், பொய்த் தாழ்வும் வரும். ஒரே குருதியை இருவேறு நிறுவனத்தார் செய்த இயந்திரங்களில் இட்டால் இருவேறு எண்கள் வரக்கூடும். எந்த எண் மெய்? இரண்டும் தத்தம் அளவில் மெய். நோயாளிக்கு அவற்றில் எது உதவும் என்பதே வினா.

அன்றியும், பிடிபட்ட இன்சுலின் விரைவில் அழிவதில்லை. இயல்பான இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகக் குறையும். ஸி-பெப்டைடு பாதியாக அரைமணி நேரம் ஆகும். ஆகவே நலமுடையவரிடம் இன்சுலினினும் ஸி-பெப்டைடே மிகுந்திருக்கும். எதிர்ப்பொருள் பிடித்த இன்சுலினோ தேங்கித் தேங்கி, கணையக் கட்டியிற் காணும் அளவுகளைக் கடந்து, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஏறும். ஸி-பெப்டைடு அவ்வளவு ஏறாது. இவ்விரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றி ஒப்பிடாத மருத்துவர், இவ்வம்மையார் மறைவாக ஊசி போட்டுக்கொள்கிறார் என்று பழி சுமத்துவார். ஸி-பெப்டைடும் உயர்ந்திருக்கிறதே என்று மட்டும் பார்ப்பவரோ, கட்டியைத் தேடிக் கணையத்தை அறுக்கச் சொல்வார். மானம் போவது ஒரு வழி. உறுப்புப் போவது மற்றொரு வழி. இல்லாத கட்டிக்காகக் கத்திக்கு உடல் கொடுத்தவர் உண்டென்பதை மருத்துவ ஏடுகள் ஒப்புக்கொள்கின்றன.

இப்பொறியினின்று தப்பும் வழியையும் அறிவியலே கண்டுள்ளது. பாலியெதிலீன் கிளைகால் என்னும் பொருளைக் குருதி நீரிற் கலந்தால் எதிர்ப்பொருள்கள், தாம் பற்றிய இன்சுலினோடு, அடியிற் படியும். மேலே நிற்கும் நீரில் எஞ்சிய இன்சுலினை அளந்து முன்னைய அளவோடு ஒப்பிட்டால், பெரும்பகுதி எதிர்ப்பொருளிடம் சிக்கியிருந்ததா என்பது விளங்கும். மாதிரியைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பதும் ஒரு வழி. இரண்டு மடங்கு நீர்த்தால் அளவு பாதியாக வேண்டும், ஆகாவிடின் உள்ளே எவனோ ஒளிந்திருக்கிறான். இன்சுலின் எதிர்ப்பொருளையே நேரே அளக்கும் சோதனையும் உண்டு. ஆனால் அதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லத் தக்கதன்று. இன்சுலின் ஊசி போட்டு வருவோர் பலரிடமும் அவ்வெதிர்ப்பொருள் காணப்படும். அது மட்டுமன்று. இன்சுலினை விட்டு, உயிரணுவின் மேலுள்ள இன்சுலின் வாயிலையே பற்றும் மற்றொரு தன்னெதிர்ப்பொருளை 1975இல் அமெரிக்காவில் ஃபிளையர், கான், ராத் ஆகியோர் வெளியிட்டனர். அது பெரும்பாலும் சர்க்கரையை ஏற்றும். சிலரிடம் வாயிலைத் தானே திறந்து சர்க்கரையைத் தாழ்த்தும். அதனைக் காட்டும் சோதனை உலகில் மிகச் சில ஆராய்ச்சி நிலையங்களில் மட்டுமே நடைபெறுகிறது.

மாத்திரையைப் பற்றிய ஐயமும் வெறும் ஏட்டுச் சரக்கு அன்று. பொந்தியானுக்கு அண்மையில், கடற்காலைக் கடந்தால் வரும் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள், நீரிழிவு இல்லாத 150 பேர் கடுஞ்சர்க்கரைத் தாழ்வோடு பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் நீங்கலாக அனைவரும் ஆண்கள். நால்வர் மாண்டனர். கட்டியோ தன்னெதிர்ப்போ இத்தனை பேரை ஒருங்கே தாக்குவதில்லை. குருதியையும் சிறுநீரையும் ஆராய்ந்தபோது கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து வெளிப்பட்டது. ஆண்மை பெருக்கும் என்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட சரக்குகளில் அது கலந்திருந்தது. இன்சுலினும் ஸி-பெப்டைடும் மட்டும் பார்த்திருந்தால் அவை கணையக் கட்டியையே சுட்டியிருக்கும். மருந்தைத் தேடிய சோதனையே உண்மையைக் கூறிற்று. வெட்கத்தால் நோயாளி வாய் திறவாதபோதும் சிறுநீர் பேசிற்று.

சிற்றூர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எளிய சோதனைகள் உள்ளூரிலேயே முடியும். அரிய சோதனைகளுக்கு மாதிரி பெருநகர் நோக்கிப் பயணம் செய்ய வேண்டும். குழாயில் எடுத்த குருதியும் உயிருள்ள பொருளே. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரித்து வைக்காத குருதியில் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை சர்க்கரை குறையும். நம் நாட்டு வெப்பத்தில் இன்னும் மிகும். ஃபுளோரைடு சேர்த்த குழாயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இதனை முற்றும் தடுப்பதில்லை. ஆகவே வண்டியிற் கிடந்த குழாய் நலமுள்ளவனையும் நோயாளியாக்கும். இரத்த அணுக்கள் உடைந்துபோனால், அவற்றினின்று வெளிப்படும் நொதி இன்சுலினைச் சிதைத்து, உள்ள நோயை இல்லாததாக்கும். பனிக்கட்டியில் வைத்து விரைவிற் சுழற்றிப் பிரித்து உறையவைத்து அனுப்பினால்தான் அம்மாதிரி சாட்சி சொல்லத் தக்கது.

எல்லாவற்றினும் முதன்மையானது வேளை. மயக்கம் தெளிந்து, சர்க்கரை நீர் குடித்து, மறுநாள் எடுத்த குருதியில் இன்சுலினை அளப்பது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவது போன்றது. 2009இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கழகம் வெளியிட்ட நெறிமுறை, சர்க்கரை லிட்டருக்கு 3.0 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கியிருக்கும் அந்த வேளையிலேயே இன்சுலின், ஸி-பெப்டைடு, புரோ-இன்சுலின், கீட்டோன் ஆகியவற்றை ஒருங்கே எடுக்கவும், மாத்திரைகளையும் இன்சுலின் எதிர்ப்பொருளையும் தேடவும் கூறுகிறது. அவ்வளவு தாழ்ந்த வேளையில் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோ யூனிட்டுக்கு மேல் இருப்பதே குற்றக் குறி. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சிறு கருவி தாழ்ந்த அளவுகளில் அவ்வளவு துல்லியமன்று. நரம்பிலிருந்து எடுத்துச் சோதனைச் சாலையில் அளந்ததே சான்றாகும். 72 மணி நேரப் பட்டினிச் சோதனை கட்டியைக் காட்டுவதில் பேருதவி. ஆனால் உண்ட பின் வீழும் தன்னெதிர்ப்பு நோயாளி அதிற் பிடிபடாமலும் போகலாம்.

நம் பொந்தியான் அம்மையாரிடம் திரும்புவோம். அவர் உண்ட மாத்திரையின் பெயரை யாரேனும் கேட்டனரா? வீழ்ந்த வேளையில் குருதி எடுக்கப்பட்டதா? இன்சுலின் அளவு நம்பமுடியாதபடி உயர்ந்தபோது, சோதனைச் சாலையைத் தொலைபேசியில் அழைத்து, எதிர்ப்பொருள் குறுக்கிடுகிறதா பாருங்கள் என்று மருத்துவர் சொன்னாரா? இம்மூன்றும் நடந்திருப்பின், அவருக்குக் கத்தி வேண்டியதில்லை. மருத்துவர் மேற்பார்வையில் அம்மாத்திரையை நிறுத்தித் தைராய்டுக்கு வேறு வழி செய்து, மாவுப் பொருளைக் குறைத்துச் சிறுசிறு வேளையாக உண்டுவந்தால், பெரும்பான்மையோர்க்குச் சில மாதங்களில் நோய் தானே அடங்கும். அடங்காதவர்க்கே வலிய மருந்துகள் வேண்டப்படும். மூன்றும் நடவாதிருப்பின், வேப்பிலைக்குத் தப்பிய அம்மையார் வேண்டாத கத்திக்கு இரையாகக்கூடும்.

ஆதலால் நாம் வேண்டுவது சோதனையை வெறுப்பதன்று. சோதனைச் சாலையை இகழ்ந்து மந்திரவாதியிடம் திரும்புவோர்க்கு இவ்வரலாற்றில் எள்ளளவும் ஆதரவு இல்லை. பிழையைக் கண்டதும் அறிவியலே, திருத்தியதும் அறிவியலே. நோயாளியின் நிலைக்கும் தாளிலுள்ள எண்ணுக்கும் பொருத்தம் இல்லையாயின், இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளாமல், பொருந்தாமைக்குக் காரணம் என்ன என்று கேட்டவர்களே யாலோவும் பெர்ஸனும் ஹிராத்தாவும். நோயாளியும் அவர் வீட்டாரும் அதே வினாவை எழுப்பலாம். நான் உண்ணும் மருந்துகள் இவை. இந்த எண் இவற்றோடு பொருந்துகிறதா, வேறு முறையில் மீண்டும் பார்க்கலாமா என்று மரியாதையோடு கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. நல்ல மருத்துவர் அவ்வினாவை வரவேற்பார். வாசகர்கள் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ வைத்துக்கொள்வார்களாயின், இக்கட்டுரையை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.